குளத்தங்கரை வாத்தியக் குழு

ஒரு குளத்தில் இளந்தவளை ஒன்று வாத்தியக் குழு தொடங்கியது. "நம்ம பிள்ளைகள் யார் வந்தாலும் சேர்த்துக்குவோம்" என்று கரையெங்கும் சொல்லிவைத்தது. சில்வண்டு சுருதிக்கு வந்தது, மரங்கொத்தி தாளத்துக்கு வந்தது. கொசுக்கள் திரளாக வந்தன. தவளையோடு ஒத்திகை பார்க்கப் பார்க்கச் சற்றுக் குறைந்தன. ஆனாலும் குழு வளர்ந்தது.

முதல் கச்சேரிக்கு முந்தின நாள் கழுதைக்குட்டி வந்து நின்றது. "நானும் சேரட்டுமாண்ணே?"

தவளை மரங்கொத்தியைத் தனியே அழைத்துப் போனது. வேண்டாம் என்றால் சொன்ன சொல் போய்விடும்; வா என்றால் கச்சேரியே போய்விடும்.

மரங்கொத்தி மெல்லச் சொன்னது: "கையசைக்கிற வேலையைக் கொடுத்து முன்னால நிறுத்திடுப்பா. குழுவை நடத்துறவன் வாயே திறக்க வேண்டாம்."

"தம்பி, இனி நீதான் எங்களை நடத்தணும்" என்றது தவளை. கழுதைக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் குளமே கூடியிருந்தது. நாரைகூடப் பசியை மறந்து வந்திருந்தது. முதல் பாட்டு அருமையாக எழுந்தது. பாதியில் கழுதைக்குட்டி முன்னங்காலை உயர்த்திக் குழுவை நிறுத்தியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றது அன்பாக. "ஆனா உருக்கம் பத்தல. எப்படின்னு நான் பாடிக் காட்டுறேன்."