கமிஷன் கேட்காத தரகர்

"உங்க கமிஷன் எவ்வளவுன்னு இப்பவே சொல்லிடுங்க. பணம் வந்தப்புறம் கழுத்துல துண்டைப் போடக் கூடாது."

தையல் மெஷினை மிதித்தபடியே கேட்டாள் அவள்.

வந்தவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "நாளைக்குப் பத்தரைக்கு விசாரணைம்மா. லிஃப்ட் ரிப்பேராம். ஒன்பது மணிக்கே வண்டியோட வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தான் அவள் கணவன்.

"இருக்கட்டும்ணே."

"பார்த்தீங்களா? டீ கூட வேணாமாம். சின்னதா வாங்காதவன் பெருசா எதுக்கோ அடி போடறான்னு அர்த்தம்."

"நாலு மாடி என்னைத் தாங்கி ஏத்தப் போற மனுஷன். நீ தாங்குவியா? வேணும்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி பேசிடு."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

பதினோரு வருடங்களுக்கு முன் விளம்பரப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து, நடக்க முடியாமல் போனவன் அவன். ஆஸ்பத்திரியில் ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கல்லீரலைத் தின்னும் கிருமியும் வந்தது.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் கிருமி ஒழியும் என்றார் டாக்டர். விலையைக் கேட்டுவிட்டு, "பாவம், இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். வாடகை கூட வேணாம்" என்றான் அவன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்படிக் கெட்ட ரத்தத்தால் நோய் வந்தவர்களுக்கு இழப்பீடு தருவதென்று அரசாங்கம் போன வருடம் முடிவு செய்தது. ஆணை ஒரு பக்கம். விண்ணப்பம் பதினாலு பக்கம். விண்ணப்பித்தவர்களின் முகவரியையும் ரத்தப் பை நம்பரையும் ஆபீஸ் வாசலில் பட்டியலாக ஒட்டினார்கள். ஒட்டிய மறுநாள் வந்து நின்றவர்தான் இந்தத் தரகர். அந்தப் பெயர் அவள் வைத்தது.

ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்றார். விண்ணப்பத்தில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பினார். டாக்டர் கையெழுத்துக்கு மூன்று நாள் அலைந்தார். ஏன் என்று கேட்டால், "சும்மா ஒரு உதவிதாம்மா."

"ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்துல இறங்குவானா?" என்பது அவள் கட்சி.

மறுநாள் நாலு மாடியும் ஏறினார்கள். படிக்குப் படி உட்கார்ந்து, தரகரின் தோளில் தொங்கியபடி கணவன் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டது.

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று கடிதங்களைப் படித்தார். பதிவேடுகள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன, எங்கள் தவறில்லை என்றது ஆஸ்பத்திரி. நாங்கள் அனுப்பியது நல்ல ரத்தம், எங்கள் தவறில்லை என்றது ரத்த வங்கி. இரண்டையும் மேற்பார்வை பார்க்கும் அலுவலகம், எது நடந்திருந்தாலும் எங்கள் தவறில்லை என்றது.

"என்னம்மா பண்றது? உங்க டிஸ்சார்ஜ் சீட்டுல பை நம்பர் இருக்கு, சரி. அந்தப் பைக்கு ரத்தம் கொடுத்தவருக்கு நோய் இருந்ததுன்னு ஒரு காகிதம் காட்டுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"கொடுத்தவரை நாங்க எங்க போய்த் தேடறது சார்? ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டவா?"

"அப்ப மனுவைத் தள்ளுபடி பண்றதைத் தவிர வேற வழியில்லைம்மா."

அவர் பேனா மூடியைத் திறந்தார். மாத்திரைக்கு இருந்த ஒரே வழி இதுதான்.

"சார், ஒரு நிமிஷம்."

தரகர் எழுந்து நின்று சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

அவளுக்குப் பகீரென்றது. கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, மேசைக்கு அடியில கொடுக்கறதை மேசை மேலயே கொடுக்கப் போறான். நம்மளையும் சேர்த்து உள்ள தள்ளிடுவாங்க."

"சும்மா இரு."

வெளியே வந்தது பணம் இல்லை. ஓரம் கிழிந்த ஒரு பழைய அட்டையும், நாலாக மடித்த ஒரு பரிசோதனைச் சீட்டும்.

அதிகாரி அட்டையில் இருந்த நம்பரை விரல் வைத்துப் படித்தார். டிஸ்சார்ஜ் சீட்டைப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

"ரெண்டும் ஒரே நம்பர்தான். இது ரத்தம் கொடுத்தவருக்குத் தர்ற அட்டையாச்சே. உங்க கைக்கு எப்படி வந்தது?"

"என்னுதுதான் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவசரமா ரத்தம் வேணும்னு ஆஸ்பத்திரி வாசல்ல எழுதிப் போட்டிருந்தாங்க. அந்த வழியாப் போனவன், கொடுத்துட்டுப் போனேன். மூணு மாசம் கழிச்சு வேற இடத்துல கொடுக்கப் போனப்பதான் டெஸ்ட் பண்ணிட்டு, உனக்கு ரொம்ப நாளாவே நோய் இருக்குன்னாங்க. அந்தச் சீட்டுதான் இது. முதல்ல கொடுத்த ரத்தம் யாருக்குப் போச்சுன்னு எத்தனையோ தடவை கேட்டேன், சொல்லலை. பட்டியல்ல நம்பரைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"இத்தனை நாள் இவங்க வீட்டுக்குப் போய் வந்திருக்கீங்க. சொல்லலையா?"

"தினமும் அதைச் சொல்லத்தான் சார் போனேன்."

சட்டையைப் பிடித்திருந்த அவள் கை தானாக நழுவியது.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மேசையில் கிடந்த மூன்று கடிதங்களையே பார்த்தபடி சொன்னார்:

"அவங்க யார் தப்பும் இல்லைன்னா இருந்துட்டுப் போகட்டும் சார். என் தப்புன்னு எழுதிட்டு, இவருக்குக் கொடுத்துடுங்க."