விருந்தாளிக்கும் ஒரு டம்ளர்

கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் முனீஸ்வரிக்குச் சர்க்கரை முந்நூறு. தினம் ஆறு டீ குடிப்பவளை ஒரே டீயோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். ஆன்லைனில் வாங்கியிருந்த டாரட் குறிசொல்லும் சீட்டுக்கட்டிலிருந்து அன்று ஒரு சீட்டை உருவினாள். ‘நிதானம்’ வந்தது. படத்தில் ஒரு தேவதை, இரண்டு கிண்ணங்களில் எதையோ ஆற்றிக்கொண்டிருந்தது. சீட்டைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் டாக்டர் சொன்ன ஒரு டீயைக் குடித்தாள். மனசு கேட்காமல் இன்னொன்று வரவழைத்தாள். ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் அதில் பாதியைக் காணோம். கடையில் வேறு யாருமில்லை. மூன்றாவது டீ முழுசாகவே காலி. தினமும் இதே கதைதான்.

அடுத்த மாதம் சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தது. முனீஸ்வரி சிரித்துக்கொண்டே பக்கத்து டீக்கடை நத்தர்ஷாவைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு டீய ரெண்டா ஊத்திக் குடுங்க.”

“நீ மட்டுந்தான ஆத்தா இருக்க? இன்னொண்ணு யாருக்கு?”

“விருந்தாளி வந்திருக்காக.”

ஒரு டம்ளரைச் சீட்டின் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்து நூல் கோத்தாள். நிமிர்ந்தபோது டம்ளர் காலி. தேவதையின் மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது. வெட்டுத்துணியால் துடைத்துவிட்டாள். நுரை இன்னும் சூடாக இருந்தது.