வாயைத் தொறந்தா…

மாலை ஆறு மணி. கடையின் மூன்றாவது மாடியில் இரும்பு பீரோக்கள் நாற்பத்தொன்று. காணாமல் போனவள் சிட்டு, வயது ஐந்து.

"வாசல் கேமராவைப் பார்த்துட்டேம்மா. குழந்தை வெளியே போகலை. இங்கதான் இருக்கு," என்றார் கடைக்காரர். சொல்லும்போதே அவர் பார்வை பீரோக்கள் பக்கம் போனது.

சிட்டுவின் அம்மாவும் அங்கே பார்த்தாள்.

"இதெல்லாம் உள்ளேயிருந்து திறக்குமா?"

கடைக்காரர் ஒரு கதவைத் தள்ளிக் காட்டினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"சாவி போட்டாத்தான் திறக்கும்."

"அப்ப போடுங்க."

விற்பனையாளர் ஓடிப்போய்ச் சாவிகளைக் கொண்டுவந்தார். எல்லாம் ஒரே வளையத்தில். எது எந்த பீரோவுக்கு என்று அவருக்கும் தெரியாது.

"ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கணும் மேடம்."

ஒவ்வொரு கதவிலும் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது: 'காற்றுகூடப் புகாது.' கடைக்குள் வந்ததும் அதைப் படித்து, "நல்ல வரி" என்று பாராட்டியவள் அவள்தான். விளம்பரக் கம்பெனியில் வேலை.

இப்போது அதே வரியைப் படிக்கையில் அவளுக்கே மூச்சு முட்டியது. கூட வந்திருந்த நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"உங்களை நம்பித்தானே விட்டேன் அண்ணி? ஒரு போன் பேசி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்க முடியலையா?"

"தண்ணி கேட்டா. கீழே எடுக்கப் போனேன்."

"கீழே டிவி விக்கிறாங்க. சீரியல் ஓடியிருக்கும். நின்னுட்டீங்க."



அண்ணியின் சீரியல் பைத்தியம் குடும்பம் அறிந்தது. சிட்டு பிறந்ததுமே இவள் வீட்டு டிவியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளின் காதில் எதை எப்படி நுழைப்பது என்று தெரிந்தவள், தன் பிள்ளையின் காதைப் பொத்தி வளர்த்தாள். பகலில் சிட்டுவைப் பார்த்துக்கொள்வது அண்ணி. எதிர்வீட்டு டிவிக்குக் கூட்டிப் போகிறாரோ என்று இவளுக்கு நெடுநாள் சந்தேகம். கேட்டால் "இல்லைம்மா" என்பதோடு சரி.

"பாப்பா, மாமா கூப்பிடறேன் பாரு," என்று கடைக்காரர் பீரோக்களைத் தட்டிக்கொண்டே போனார். எதிலிருந்தும் சத்தமில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சற்று முன்பு போனில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விளம்பரப் பாட்டுல கடைசி வார்த்தையை நாம பாடவே கூடாது சார். இழுத்து நிறுத்திடணும். கேக்கிற பிள்ளை வாய் சும்மா இருக்காது, அதுவா முடிச்சிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது."

சிட்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். போனைப் பொத்திக்கொண்டு இவள் சொன்னாள்: "இனி வாயைத் தொறந்தே, கடைக்காரர் பிடிச்சு பீரோவுல வெச்சுப் பூட்டிடுவார்."

"நீங்க கூப்பிடாதீங்க," என்றாள் கடைக்காரரிடம். "உங்களுக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்கா, பேசமாட்டேங்கறா."

பிறகு அவளே கத்தினாள். "சிட்டு, எங்கடி இருக்கே? பேசுடி!"

"அடிக்கிற குரல்ல கூப்பிட்டா எந்தப் பிள்ளை பேசும்?" என்றார் அண்ணி. "உன் பல்பசைப் பாட்டைப் பாடு."

கடைக்காரர் திகைத்துப் போனார். "என்னம்மா இது, பிள்ளை உள்ளே மூச்சுக்குத் தவிக்குது. விளம்பரம் பாடுற நேரமா?"

"அவளுக்கு அந்தப் பாட்டே தெரியாது அண்ணி."

"பாடுன்னா பாடு."

அண்ணி அதட்டி அவள் கேட்டதில்லை. பாடினாள். அவள் எழுதி, மாதிரிக்கு அவளே பாடிக் கொடுத்த பாட்டு. கம்பெனி அந்தக் குரலையே வைத்துக்கொண்டது.

"மேலே தேயி… கீழே தேயி… வாயைத் தொறந்தா…"

நிறுத்தினாள். சாவிச் சத்தமும் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை.

"பதறாம பாடு," என்றார் அண்ணி.

மறுபடி பாடினாள். மெதுவாக, மடியில் வைத்துப் பல் தேய்த்துவிடுகிற மாதிரி.

"வாயைத் தொறந்தா…"

"முத்து."

குரல் வந்தது கடைசி வரிசையிலிருந்து. சுவர் ஓரத்து பீரோ. வளையத்தில் பாதிச் சாவிகள் பொருந்தாமல் போன பிறகு ஒன்று திரும்பியது.

சிட்டு தொப்பலாக வியர்த்திருந்தாள். கடைக்காரரைப் பார்த்ததும் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள்.

"எதிர்வீட்டு டிவியா?"

"ம். மத்தியானம் சீரியல் நடுவுல உன் பாட்டை ஒரு தடவை போடுவான். அது முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அப்ப சீரியல்?"

"பாதியில எழுந்து வந்துடறதுதான். முழுசாப் பார்த்து வருஷமாச்சு."

"எதுக்கு அண்ணி?"

"நீ வேணும்னு தினம் அழுதா. இது உங்க அம்மா குரல்டீன்னு ஒருநாள் காட்டினேன். அன்னையிலேர்ந்து அந்தக் கடைசி வார்த்தை அவளோடது." அண்ணி முந்தானையால் சிட்டுவின் நெற்றியைத் துடைத்தார். "'அதை அம்மா எனக்குன்னு விட்டு வெச்சிருக்கா அத்தை'ம்பா."

மறுநாள் முதல் சிட்டுவின் அம்மா மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் அண்ணி எதிர்வீட்டில் சீரியலை முழுசாகப் பார்க்கிறார்.