ஊமைக் கிட்டார்

மாலை நாலரை மணி. அரங்கில் நாற்காலி போட்டு முடிக்கும் முன்பே அக்கா தம்பியின் கிட்டாரை ஊமையாக்கிவிட்டாள்.

பெரிய வேலையில்லை. அவள் பார்த்துக்கொள்ளும் ஒலி மிக்ஸரில் ஒரு பொத்தான். மேடையில் அவன் என்ன வாசித்தாலும் வெளியே வராது. பழைய ஆல்பத்தில் அவன் வாசித்ததுதான் லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கருக்கும் அவன் காதில் மாட்டிய இயர்போனுக்கும் போகும்.

அதோடு சேர்ந்து அடிக்க வேண்டியவன் என்பதால் டிரம்மருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சுக்கா. ஆனா மேடை ஏறும்போதெல்லாம் இன்னிக்கு மாட்டிக்குவோமோன்னு இருக்கு" என்றான் டிரம்மர்.

"எனக்கு இறங்கின பிறகும் அப்படித்தான் இருக்கு. போய் அடி."

போன வருஷம் கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது வேன் கதவை அடித்துச் சாத்தியது அவள்தான். தம்பியின் இடது கை விரல்கள் இடுக்கில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்றே, "ஒண்ணும் இல்லக்கா, சரியாப் போச்சு" என்று கிட்டாரை மாட்டிக்கொண்டான். அடுத்த கச்சேரியில், முதல் பாட்டிலேயே விரல்கள் நொண்டின. அவள் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அதற்குப் பிறகு எல்லாக் கச்சேரியிலும் ஆல்பம்தான்.

எந்த இசைக் கம்பெனியும் பின்னால் இல்லாமல், தானே எழுதி, வாசித்து, பாடி ராக் இசையில் பெயர் எடுத்தவன். கிட்டார் போய்விட்டது என்று அவனிடம் யார் சொல்வது? கதவைச் சாத்தியவளா?

மேடையில் தம்பியின் நச்சரிப்புக்குக் குறைவில்லை. குரல் அமுங்குது, பேஸ் இரையுது, எக்கோவைக் குறை என்று உயிரை எடுப்பான். கிட்டாரைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. தன் வேலை அவ்வளவு சுத்தம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஒத்திகை நடுவே போன் வந்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான். வானொலி நிலையம்.

"நாளைக்கு நேரலை. நீங்களும் உங்க கிட்டாரும் மட்டும் போதும். முடியும்ல?"

தம்பி அக்காவைப் பார்த்தான். "முடியும் சார்."

நாளைக்கு ஊரே கேட்கும். மேடைக்குப் போனாள்.

"திரும்பக் கூப்பிட்டு வரலைன்னு சொல்லுடா."

"ஏன், உன்னையும் பாடக் கூப்பிடலைன்னு கோபமா? அவங்க நேயர்கள் என்ன பாவம் பண்ணினாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "உன் கிட்டார் வெளியவே கேக்கல. நான்தான் அமுக்கி வெச்சிருக்கேன். ஜனங்க கைதட்டறதெல்லாம் பழைய ஆல்பத்துக்கு. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. நாளைக்குப் போய் அசிங்கப்படாதே."

டிரம்மர் கீழே விழாத ஒரு திருகைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

தம்பி கிட்டாரைத் தடவிக் கொடுத்தான்.

"இதுல நான் வால்யூமைத் திறக்கறதே இல்லக்கா. கட்டுப் பிரிச்சு வாசிச்ச அந்த ஒரு பாட்டோட சரி. ரேடியோக்காரங்களுக்கும் ராத்திரி போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுவேன்."

அவள் விழித்தாள். "பின்ன எதுக்குடா இதை மாட்டிக்கிட்டு நின்னே?"

"வாசிக்க முடியலைன்னு சொல்லியிருந்தா, அப்புறம் நீ என் முகத்தைப் பார்த்திருப்பியாக்கா?"