ஓரகத்தியின் வயல்

முற்றிய நெல்லுக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டு, சுந்தராம்பாள் வரப்பில் நின்றாள்.

உச்சி வெயில். சேரப்பணஞ்சேரி ஏரிக்குக் கீழே அந்த வருஷம் விளைந்து நின்றது அந்த ஒரு துண்டு நிலம்தான். சுற்றிலும் வெடித்த மண், கருவேல முள், தூரத்தில் கம்பெனிகளின் நீலத் தகரக் கூரைகள்.

வயல் கங்காவுடையது. கங்கா அவளுக்கு ஓரகத்தி. கொழுந்தன் எல்லப்பனின் மனைவி.

மாடு முதலில் தயங்கியது. பிறகு கதிரோடு சேர்த்து ஒரு வாய் இழுத்தது.

காலையில்தான் கடையில் அரிசி விலை மறுபடியும் ஏறியிருந்தது. மூன்றாம் வருஷமாக மழை பொய்த்துவிட்டது, தஞ்சாவூர்ப் பக்கமே விளைச்சல் இல்லை, நெல்லூரிலிருந்து லாரி வந்தால்தான் உண்டு என்றார் கடைக்காரர். அங்கேயும் விலை ஏறிவிட்டதாம்.

"உனக்கு இன்னாம்மா கவலை? ஓரகத்தி வூட்ல நெல்லு கீதே," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ரோட்டோர நிலம் சுந்தராம்பாளின் புருஷன் அண்ணாதுரைக்கு விழுந்தது. கிணற்றடி நிலம் எல்லப்பனுக்கு. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது அளவுக் கோடு ரோட்டோர நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

அன்றைய விலைக்குப் பணம் வந்தது. சுந்தராம்பாள் மாடி வைத்து வீடு கட்டினாள். கலர் டிவி வாங்கினாள். மகன் லோகேஷ் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்ட்டுக்குப் போனான்.

கங்கா சேற்றுக் காலோடு வாசலில் நின்று டிவி பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வந்து உட்கார் என்று சுந்தராம்பாள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் அப்படி நிற்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு பணம் தீர்ந்தது. மழை நின்றது. அரிசி ஏறியது. மாட்டுக்கு வைக்கோலும் விலைக்குத்தான் என்றானது.

நாடு முழுக்க விளைச்சல் குறைவுதான், ஆனால் கிடங்குகளில் தானியம் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று டிவி செய்தியில் சொன்னார்கள். சுந்தராம்பாளுக்குத் தெரிந்த ஒரே கிடங்கு கங்கா வீட்டுக் குதிர்தான்.

ஊர்க் கிணறெல்லாம் வறண்ட பிறகும் கங்காவின் கிணறு ஊறிக்கொண்டே இருந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கங்கா சோறு வடித்தால் கஞ்சி வாசனை இந்தப் பக்கம் வரும். சுந்தராம்பாள் வடிக்கும் கடை அரிசியில் சாக்கு வாசனைதான் வரும். ஒருநாள் லோகேஷ் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "சித்தி வூட்டு சோறு இன்னாமா வாசனை அடிக்குது," என்றான். அன்றைக்கு அவனுக்கு மறுசோறு போடவில்லை.

வயலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பயிரில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். விழவில்லை. கதிர் நாளுக்கு நாள் கனத்துச் சாய்ந்தது.

மாடு இப்போது நடுவயலுக்குப் போயிருந்தது. போன வழியெல்லாம் நெல் மிதிபட்டுக் கிடந்தது. சுந்தராம்பாளுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் கிணற்றடியிலிருந்து கங்கா வருவதைப் பார்த்தாள்.

ஓடி வரவில்லை. கத்தவில்லை. வரப்பில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவுத்துக்கினு வந்துடுச்சி," என்றாள் சுந்தராம்பாள். கயிறு அவள் கையில் இருந்தது.

கங்கா கயிற்றைப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. பசிச்சிருக்கும். இதான் எங்க கடைசி நெல்லு. நெலத்தக் குடுத்துட்டோம்."

கார் சாமான்கள் அடுக்க ஷெட் போடுவதற்கு மெட்ராஸ்காரர் ஒருவர் கேட்டாராம். அறுவடை வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்றாராம். எல்லப்பனுக்கு மனசே இல்லை. கங்காதான் பிடிவாதமாக நின்று கையெழுத்துப் போட வைத்திருக்கிறாள்.

"எத்தினி வருசம்க்கா உன் வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன். நீ கால்ல சேறு படாம கடையில போயி அரிசி வாங்கினு வர்றே. நான் மட்டும் மழைக்கு மானத்தப் பாத்துக்கினே சாவணுமான்னு ஆயிடுச்சி."

கங்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அறுத்ததும் மொத மூட்டை உங்க வூட்டுக்குத்தான்னு அவரு சொல்லிக்கீறாரு. அரிசி விக்கிற வெலைக்கு நீங்களும் இன்னா பண்ணுவீங்க."

சுந்தராம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வயலுக்குள் இறங்கினாள். நிற்கும் கதிரை மிதிக்காமல், மாடு மிதித்த தடத்திலேயே நடந்துபோய், அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தாள். மாடு வர மறுத்தது. தப்பெல்லாம் அது செய்தது போல முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

வரப்பேறியபோது மூச்சு வாங்கியது. கங்கா குனிந்து, சாய்ந்து கிடந்த பயிரை ஒவ்வொரு பிடியாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அவள் முதுகைப் பார்த்தபடியே சுந்தராம்பாள் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"சென்ட்டு இன்னா வெலைக்குப் போச்சு?"

கங்கா நிமிராமலே சொன்னாள். ரோட்டோர நிலத்துக்கு அன்று வந்த விலையைப் போலப் பல மடங்கு.

சுந்தராம்பாள் மறுபடியும் கேட்டாள். கங்கா அதையேதான் சொன்னாள்.

சுந்தராம்பாள் மாட்டின் கழுத்துக் கயிற்றை நிதானமாக அவிழ்த்தாள்.