கழுத்தில் ஒட்டிய குரல்

மகள் யாழிசையை வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவானபோது சுடர்க்கொடி வாயைத் திறக்கவே இல்லை. கழுத்தில் ஒட்டியிருந்த பேச்சுவில்லைதான் அவளுக்காக, "சரிங்க, அவ நல்லதுக்குத்தானே" என்று இனிமையாகச் சொன்னது. வீட்டில் சண்டை வராமலிருக்க எல்லாரும் ஒட்டிக்கொள்வதுதான். இவள் ஒட்டியது யாழிசை பிறப்பதற்கு முன்பே. அதிலிருந்து சுடர்க்கொடியின் பேச்சில் கோபமும் வந்ததில்லை, அழுகையும் வந்ததில்லை.

கிளம்பும் காலையில் கார் வாசலில் நின்றது. குழந்தை தானே ஷூ லேஸைக் கட்டிப் பார்த்தது, முடிச்சு விழவில்லை. குனிந்து கட்டிவிட்ட சுடர்க்கொடி, எழுந்ததும் வில்லையைப் பிய்த்து எறிந்தாள்.

"எனக்கு இவள அனுப்ப இஷ்டமில்ல."

கரகரவென்று வந்த அந்தக் குரலில் யாழிசை மிரண்டுபோனாள். "யாரும்மா பேசுறது?"

"நான்தான்டி."

கணவன் இளம்பரிதியின் வில்லை இதமாகப் பதில் சொன்னது: "உன் மனசு புரியுது. ஆனா ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதானே?"

அவன் உதடு அசையவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

சுடர்க்கொடி அவன் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினாள். எட்டவில்லை.

அவன் மெல்லக் குனிந்து கொடுத்தான்.