கலாநிதி இழுத்த கயிறு

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் பத்து மணி வெயில் தண்ணீரில் பட்டு, கட்டி நிற்கும் வள்ளத்தின் பக்கப் பலகையில் நெளிகிறது. வள்ளத்துக்குள், கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் கலாநிதி சரவணமுத்து கழுத்துப்பட்டியுடன் குந்தியிருக்கிறார். தொழிற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவது பற்றி மூன்று நூல்கள் எழுதியவர். இயந்திரம் ஒன்றைத் தொடுவது இன்றுதான் முதல்முறை: வள்ளத்தின் பின்புறம் பூட்டிய, கயிறு இழுத்துக் கிளப்பும் இயந்திரம். கடற்றொழில் செய்கிற குருசுமுத்துவை வாத்தியாராக்கிக் காட்டினால்தான் ஆய்வு மாணவி சறோஜினிதேவிக்கு முதுமாணிப் பட்டம். ஒன்றும் தெரியாத மாணவன் ஒருவன் வேண்டுமென்று கலாநிதி கேட்டபோது, "நீங்களே இருங்கோ சேர்" என்று சொல்லிவிட்டாள். படிப்பிக்கிறவர் கருவியைத் தொடக்கூடாது என்பதும் கலாநிதி எழுதிய விதிதான். குருசுமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தவிக்கிறார். "பிளக்கைத் துடைச்சுப் பூட்டுங்கோ சேர். இப்ப கயித்தை இழுங்கோ. ஐயோ, பூனையின்ர வாலைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதேங்கோ!" இயந்திரம் இருமி அடங்குகிறது. பொறுக்கமுடியாமல் குனிகிற குருசுமுத்துவைச் சறோஜினிதேவி தடுக்கிறாள். "அண்ணை, தொட்டியள் எண்டால் என்ர பட்டம் போச்சு." அவர் பல்லைக் கடிக்கிறார். "காலை ஊண்டுங்கோ சேர். தோளிலையிருந்து இழுங்கோ." கலாநிதி இழுக்கிறார். வள்ளம் அதிர்கிறது, நீலப்புகை எழும்புகிறது, காகங்கள் கலைகின்றன. கழுத்துப்பட்டி முழுக்க எண்ணெய். அவர் எழுந்து, வள்ளம் ஆட ஆட நின்று, துறை முழுவதற்கும் கத்துகிறார்: "நானாகவே ஸ்டார்ட் பண்ணிப்போட்டன்! ஒருத்தரும் உதவேல்லை!" குருசுமுத்துவின் முகம் கறுக்கிறது. "அப்ப தொண்டை கிழியக் கத்தின நான் ஆர் தங்கச்சி?" "பேசாமல் இருங்கோ அண்ணை" என்கிறாள் அவள், கண்ணெல்லாம் சிரிப்பாக. "நாங்கள் பாஸ்!"